கையிலிருந்து பறித்த காட்ஸ்

செவ்வாய்க்கிழமை, இரவு

பின்னேரம் மீன் சந்தைக்குப் பக்கத்து மரத்தடியில் நாங்கள் நால்வர் வழக்கம்போல முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தோம். மகள் வந்து என் கையிலிருந்த காட்ஸைப் பறித்துவிட்டாள்.

“கிளினிக்கில என்ன சொன்னவை, அப்பா? டென்ஷன் கூடாது எண்டவை. நீங்கள் கத்துறது ரோட்டுக்குக் கேக்குது.”

ஆட்டத்தில் என் சோடி முஸ்தபா இந்த விளையாட்டுக்கென்றே கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். “மகள், இவர் கத்தாட்டித்தான் நாங்க பயப்படோணும்” என்றார். அவள் சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோதும் விளையாடினேன். சுனாமியில் கடல் வந்து என் வள்ளத்தைக் கொண்டுபோன பிறகும் விளையாடினேன். மனைவியை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் முஸ்தபாதான் வந்து மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அன்று அங்கே இருந்து கத்தியிராவிட்டால் நான் இன்று இல்லை. இது கிளினிக்காரருக்கு எப்படித் தெரியும்?

சாப்பிட்ட பிறகு மகள் போனில் ஏதோ போட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னாள். மூடினால், முஸ்தபா வெயில் தாழ முன்னமே பஸ்ஸுக்குத் தனியாக நடந்துபோவதுதான் தெரிகிறது. நான் இல்லாவிட்டால் அந்த மனுசன் இனி வரவே மாட்டார்.

நாளைக்குப் போவேன். ஒளித்துப் போக மாட்டேன், இவளிடம் சொல்லிவிட்டே போவேன்.