கல்லமேட்டில் மூச்சிரைக்கும் பத்தொன்பது பிள்ளைகள்

அனுப்புநர்:
பி. லாவண்யா, பி.எஸ்சி.,
நடுத்தெரு, கல்லமேடு,
அரியலூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: தூசு அளவுப் பதிவையும் பிள்ளைகளின் சிகிச்சைப் பதிவையும், அவர்கள் குடியிருக்கும் ஊரின்படி இணைத்து ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேற்கே சிமெண்ட் ஆலை, கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். என் கணவர் பிரேம் அந்த ஆலைக்குத்தான் லாரி ஓட்டுகிறார். "பேசாம இரு, வேலைக்கு உலை வெச்சிடாத" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேன். அந்த வருடத்தில் என் மகள் தேவயானிக்கு (வயது 4) மூச்சிரைப்புக்காகப் பதினான்கு முறை ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை (நெபுலைசர்) வைத்திருக்கிறார்கள்.

2. பள்ளிக்கூட மாடியில் தூசு அளக்கும் கருவி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சைப் பதிவு இருக்கிறது. இரண்டையும் நாள்வாரியாக ஒப்பிடுங்கள் என்று ஜூன் மாதம் மனு கொடுத்தேன். "தங்கள் ஊரில் மூச்சிரைப்பு உள்ள குழந்தைகள் இருவர் மட்டுமே, ஆய்வுக்கு முகாந்திரம் இல்லை" என்று பதில் வந்தது.

3. இருவரா? நானும் பக்கத்து வீட்டுப் பரிமளாவும் வீடு வீடாகப் போய் எண்ணினோம். பத்தொன்பது பேர்.

4. பிரசவத்துக்கு அம்மா வீடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்ததும் போடும் பிள்ளையின் சுகாதாரப் பதிவு எண் அந்த ஊர் விலாசத்திலேயே நின்றுவிடுகிறது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படித்தவள் என்று பெயரெடுத்த எனக்கும்தான். அதனால் இங்கே சிகிச்சை எடுத்தாலும் கணினியில் தேவயானி திருமானூர்ப் பிள்ளை. பரிமளாவின் மகன் ஜெயங்கொண்டத்துப் பிள்ளை. கணக்கில் வந்த அந்த இருவரின் தாய்மார் உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

5. திருமானூரில் என் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தால் மகளுக்கு இரைப்பு நின்றுவிடுகிறது. இங்கே வந்து பஸ் இறங்கிய மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பிக்கிறது. தூசுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இல்லையென்றால் அதையும் ஆய்வு செய்தே சொல்லுங்கள். பார்க்காமலே இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

6. பத்தொன்பது பிள்ளைகளின் பதிவு எண், தற்போதைய விலாசம், பெற்றோரின் சம்மதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். முப்பது நாட்களுக்குள் ஆய்வைத் தொடங்க உத்தரவிட வேண்டுகிறேன். முடிவை வெளியிடும்போது பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுங்கள். ஊரின் பெயரை மறைக்க வேண்டாம்.

தன் வேலைக்கு என்ன வரும் என்று தெரிந்தே என் கணவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேரையும் அழைத்து வருகிறோம். தாங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தேவயானியின் தாய்,
(ஒப்பம்) பி. லாவண்யா

இடம்: கல்லமேடு
நாள்: 12.08.2025