ஆளுக்கொரு நுனி

அக்கா,

இன்று காலை மாதா கோயிலில் அன்னையர் தினப் பூசை முடிகிற நேரத்தில் சாமியார், "தாய்மாருங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். பெண்பிள்ளைகள் மெழுகுத்திரிக் கட்டோடு வரிசை வரிசையாக வந்தார்கள். வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் நீ என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடிப்பாய். "எழுந்திருடி, இன்னா யோசனை?" நீ போய்ச் சேர்ந்தபின் வரும் முதல் வருஷம் இது; பெஞ்சில் உன் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்கள். உருகிய மெழுகின் வாசம் வந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த வாசம் வந்தால் எனக்கு ஆம்பூர் வீட்டு நாட்கள்தான் ஞாபகம் வரும். நீ மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டாய், நான் இளையவருக்கு. அண்ணன் தம்பி இருவரும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டை நாற்றத்தோடு வீடு திரும்புவார்கள். நமக்கு ஒரே வாரத்தில் பிள்ளை பிறந்தது. நாலு நாள் முந்திவிட்டதாக நீ அடித்த ஜம்பம் கொஞ்சமா! என் பிள்ளை இரண்டு மணி நேரம்தான் இருந்தான். மருத்துவச்சி அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, சூசை என்று பேர் வைத்தாள். அதோடு சரி.

அப்போதெல்லாம் பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் கோயில் வாசலில் மெழுகுத்திரியோடு நிற்க வேண்டும். சாமியார் வந்து மந்திரித்து, தன் கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் நீளப் பட்டியின் நுனியைக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். அவள் தாயானதற்கு அதுதான் மரியாதை. இப்போது அந்தச் சடங்கே இல்லை.

"வெறுங்கையோட வாசல்ல நிக்காதடி. பக்கத்துக் கதவால போயி குந்திக்க" என்றாள் நம் மாமியார். கெட்டவள் இல்லை, பாவம். நாலு பேர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டக் கூடாதென்று நினைத்தாள். ஆனால் அந்தக் கதவால் போனால் சூசை பிறக்கவே இல்லை என்றல்லவா ஆகிவிடும்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்தது.

"அவளும் சொமந்து பெத்தவதானே அத்தை? அவ அந்தக் கதவால போனா நானும் அதுலதான் போவேன்." உன் நாற்பது முடிந்தும் எனக்காக நாலு நாள் காத்திருந்தாய்.

வாசலில் இருவரும் திரியோடு நின்றோம். உன் தோளில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தான். புதிதாக மாற்றலாகி வந்திருந்த சாமியார் உன்னிடம் மட்டும் வந்தார். "இவங்க துணைக்கு வந்தவங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

நீ திரும்பி, பிள்ளையை மாமியார் கையில் திணித்தாய். "இப்ப பாருங்க சாமி. ரெண்டு பேருக்கும் வெறுங்கைதான். ரெண்டு பேரும் பெத்தவங்கதான்."

சாமியார் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டியின் ஒரு நுனியை உனக்கும் மறு நுனியை எனக்கும் கொடுத்தார். இரண்டு பக்கமும் இழுபட்டு அவர் நடக்கத் தடுமாறியதில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே வந்தேன்.

எனக்கு அப்புறம் பிள்ளையே இல்லை. குழாயடியிலும் அடுப்படியிலும் நாம் போடாத சண்டையா? வாய் உனக்குக் கம்மியா என்ன! ஆனாலும் பெறாதவள் என்று ஒரு நாளும் நீ சொன்னதில்லை.

இன்று திரி கொடுத்து வந்த பெண் என்னிடம் வந்ததும் தயங்கினாள். "ஆயா, ஒங்களுக்குப் பசங்க இருக்காங்களா?" ஊருக்குப் புதுசு, அவளுக்கு என்ன தெரியும். எனக்கு விலாவில் சுருக்கென்றது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒரு பையன். பேரு சூசை" என்றேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது போல. முன் பெஞ்சு வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும் அக்கா.