சாமி சேவலின் பிள்ளைகள்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

கோழிகளின் குலம் கோத்திரம் அறிந்த என் ஒரே அக்கா சுஜிதாவுக்கு, பின்னால் பிறந்தும் புத்தியில் முந்திக்கொண்ட தங்கை இளமதி வணக்கம் போட்டு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, மாடு, மிளகுக்கொடி எல்லோரும் நலம். ஐதராபாத்தில் நீயும் உன் கண்ணாடிக் குழாய்களும் நலமா?

இந்தக் கடிதத்தோடு ஒரு காகித உறை இருக்கும். அதை இப்போது பிரிக்காதே. போன தடவை நான் அனுப்பிய உறையிலிருந்து பிளாஸ்டிக் பல்லி குதித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இதில் பல்லி இல்லை, சத்தியம். முழுசாகப் படித்துவிட்டுப் பிரி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டவர் கிடைக்கிற பாறை மேல் நான் ஏறி நின்று சொல்லச் சொல்ல, நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். போன வாரமும் அதுதானே நடந்தது?

நீ அழுததன் சுருக்கத்தை வீட்டில் நான்தான் சொன்னேன். நம் ஊரில் வீடு வீடாகப் போய்க் கோழிகளின் ரெக்கையிலிருந்து நீ பிடுங்கிப் போன இறகுகளைச் சோதித்தால், எல்லா வீட்டுக் குஞ்சும் ஒரே தகப்பனுக்குப் பிறந்ததாக வருகிறது. ஆனால் நீ இறகு எடுத்த சேவல் எதுவும் அந்தத் தகப்பன் இல்லை. குழாய்களை நீ மாற்றி வைத்துக் குழப்பிவிட்டாய் என்கிறார் உன் ஆராய்ச்சி வழிகாட்டி மேடம். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் சரியான விளக்கம் சொல்லாவிட்டால் நம் ஊர் இறகுகள் அத்தனையும் குப்பைக்கு, உன் மூன்று வருட உழைப்பும் கூடவே போகும். அதற்குப் பேசாமல் பேங்க் பரீட்சை எழுதிவிடலாம் என்று மூக்கை உறிஞ்சினாய். அம்மா கேட்டுவிட்டு, பேங்கும் நல்ல வேலதானே கண்ணுன்னாங்க. அப்பா எழுந்து கட்டுத்தரைக்குப் போய் மாட்டிடம் ஏதோ முணுமுணுத்தார்.

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மனத்தாங்கல்தான். சாமையில் நீ ஆராய்ச்சி பண்ணின வரைக்கும் நிம்மதியாக இருந்தார். சாமை வெதச்ச எடத்துல நிக்கும், தன் பூவுக்குத் தானே மகரந்தம் போட்டுக்கும், ஒரு வம்பு தும்புக்கும் போகாது, கோழி அப்படியாங்கன்னு ஊரெல்லாம் கேட்டார். செடியிலிருந்து நீ கோழிக்குத் தாவினது அவருக்குப் பட்டம் தப்பி விதைத்த மாதிரி.

விட்டுப்போன சேவல் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னாய். விசாரித்தேன். இல்லவே இல்லீங்கன்னு எல்லா வீட்டிலும் சொன்னார்கள். நானும் அதையே உனக்குச் சொன்னேன். யாரும் பொய் சொல்லவில்லை அக்கா. அதுதான் வேடிக்கை.

வியாழக்கிழமை கருப்பனார் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். முதல் மாலை யார் போடுவது என்று மேலத் தெருவும் கீழத் தெருவும் அடித்துக்கொண்டு நின்றுபோன கோயில் நோம்பியை இந்த ஆடியிலாவது நடத்தலாம் என்று பேச்சு. பூசாரி காளியண்ணன் மாமா எழுந்து, நேந்து உட்ட சேவல் வருசக்கணக்கா காத்துக் கெடக்குது, இன்னும் எத்தனை நாளைக்குங்கன்னு கை காட்டினார். எல்லோரும் திரும்பினோம். லாரி விபத்தில் மகன் ராஜதுரை பிழைத்ததற்காகப் பழனியம்மா அத்தை நேர்ந்துவிட்ட அந்தச் செங்கருப்புச் சேவல், கீழத் தெரு வேலியை ஒரே தாவில் தாண்டி, மேலத் தெருப் பெட்டைக்கோழி ஒன்றை இறக்கை சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை. சாமி சேவலை யார் விரட்டுவார்கள்? எந்த வாசலிலும் தின்னும், எந்த மரத்திலும் அடையும், ஆனால் அது எந்த வீட்டுக் கோழியும் இல்லை. உங்க கோழியெல்லாம் கொண்டாங்கன்னு நீ கேட்டபோது அவங்கவங்க கோழியைக் கொண்டு வந்தாங்க. கருப்பனார் மட்டும் கொண்டு வரவில்லை. வெளியூர்க்காரி யாராவது வந்திருந்தால், அதோ திரியுதே அது யாருதுங்கன்னு கேட்டிருப்பாள். நீ நம்ம ஊர்ப் பொண்ணு. உன் கண்ணுக்கும் அது கோழியாகத் தெரியவில்லை.

நான் கூட்டத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா முறைத்தார். எழுந்து நின்று, அக்கா கொழாய மாத்தலீங்க, அத்தனை குஞ்சுக்கும் அப்பன் இவருதானுங்கன்னு சேவலைக் காட்டினேன். கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றி வைத்தவள் பேச்சை யார் நம்புவார்கள்? இது நெசமா, இல்ல மறுபடியும் குசும்பான்னு பழனியம்மா அத்தை கேட்டாங்க. அப்போது அப்பா எழுந்தார். சின்னவ பேச்ச உடுங்க, எம் பெரிய மக கை தப்புப் பண்ணாதுங்க, ஒரே ஒரு எறகு குடுங்கன்னார். அவ்வளவு பேருக்கு முன்னால்! அந்தக் குரலையும் பிடுங்கி உறையில் போட்டு அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

சாமி சேவல் மேல் கை வைக்கச் சாமிதானே உத்தரவு தர வேண்டும்? பலிக்கு முன்னால் செய்வது மாதிரியே காளியண்ணன் மாமா தீர்த்தம் தெளித்தார். உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சேவல் சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. ஊரும் என்னையே பார்த்தது. நான் ஏதாவது பண்ணிவிட்டேனோ என்று அம்மா என் கையை விரித்துச் சோதனை போட்டாங்க. மாமா இன்னொரு கை அள்ளுவதற்குள் கொண்டையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது பார், முன்னால் நின்றவர்கள் எல்லாம் நனைந்தோம். அப்பா பிடித்துக்கொள்ள, நீ சொல்லிக் கொடுத்தபடி அடித்தண்டு முறியாமல் நான் பிடுங்கினேன். உறையில் இருப்பது அந்த இறகுதான். சாமி சம்மதித்துக் கொடுத்தது என்று உன் மேடத்திடம் சொல்.

அதற்கப்புறம்தான் அம்மாவுக்குக் கவலை வந்தது. ஒரே அப்பனுக்குப் பொறந்ததுங்கன்னா எல்லாம் பங்காளியாச்சேங்க, அதுங்களுக்குள்ளயே சோடி சேந்தா எப்படீங்கன்னாங்க. கூட்டம் வாயில் கை வைத்தது. கீழத் தெரு ஆட்களோடு முகம் கொடுத்துப் பேசாத வெள்ளியங்கிரி சித்தப்பாவே, கோழியெல்லாம் பங்காளி ஆயிருச்சு, நாம என்னத்துக்குங்க அடிச்சுக்கறோம்னார். மாலை விஷயம் இன்னும் முடியவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள். பெண் எடுக்கிற ஊரிலிருந்தே சேவலும் எடுப்பது என்று முடிவானது. நீ போனில் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகினால் வம்சம் நலிந்துவிடும் என்று எனக்கு வகுப்பு எடுத்தாயே, அதையேதான் அம்மா முறை சொல்லி முடித்துவிட்டாங்க.

நேற்று அப்பா வெற்றிலை பாக்கோடு நம் மலையிலேயே பெரக்கரை நாட்டில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போய், ஒரு வெள்ளைச் சேவலை மடியில் வைத்து பஸ்சில் கூட்டி வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு, புது மாப்பிள்ளைங்க, அரை டிக்கெட் போடுங்கன்னாராம். அப்பா ஜோக் அடித்திருக்கிறார் அக்கா! வந்து இறங்கின மாப்பிள்ளையைச் சாமி சேவல் வேலி வரைக்கும் துரத்தியது. மாமனார் என்றால் சும்மாவா? ஆடியில் அவர் சாமியிடம் போய்விடுவார். அதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. மாப்பிள்ளையின் இறகைப் பிடுங்க நான் கிளம்பினேன். அப்பா விடவில்லை. அதப் பெரியவ வந்து எடுக்கட்டும்னுட்டார்.

பேங்க் பரீட்சைப் புத்தகத்தை அனுப்பச் சொல்லியிருந்தாய். தேடினேன். அடைக்கோழிக் கூடை ஆடாமல் இருக்க அதைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறது. கை வைத்தால் கோழி கொத்துகிறது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. என் குசும்பு என்றுதானே நினைக்கிறாய்? கருப்பனார் மேல் ஆணை, நான் இல்லை. கூடையை அதன் மேல் தூக்கி வைத்தது அப்பா.

இந்தத் தாளின் ஓரம் நனைந்து காய்ந்திருக்கும். பூசாரி மாமாவிடம் கொஞ்சம் தீர்த்தம் வாங்கி, இறகில் படாமல், நான்தான் தெளித்தேன். ஒரு தடவை நன்றாகச் சிலுப்பிக்கொண்டு உன் ஆய்வுக் கூட்டத்துக்குப் போ அக்கா.

உன் குசும்புக்காரத் தங்கை,
இளமதி