கொண்டையில் வந்த மல்லிகை

ஞாயிறு, மெரிலேண்ட்ஸ், சிட்னி.

இன்று காலை தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து வந்து இறங்கினோம். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் எங்கள் முதல் பயணம். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பழைய புத்த விகாரை, வாசலுக்கு வாசல் பூக்கடை. முதல் நாள் பிக்குகளின் காவி உடையைக் கண்டதும் இலங்கையிலிருந்து கூடவே வந்த பழைய பயத்தில் வெளியிலேயே நின்றுவிட்டேன். நேற்றுத்தான் உள்ளே போனேன். ஒரு மல்லிகைச் சரத்தைப் புத்தருக்கு வைத்தேன். இன்னொன்றைக் கொண்டையில் சூடினேன். சாமிக்கு விற்றதைத் தலையில் வைக்கிறாளே என்று பூக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அந்தப் பூவோடேயே சிட்னி விமான நிலையத்தில் நின்றிருக்கிறேன். வெளிநாட்டுப் பூ, செடி எதையும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது; படிவத்திலோ பூ இல்லை என்று எழுதியாயிற்று. அதிகாரி என் தலையைக் காட்டினார். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"கழட்டச் சொன்னனான் எல்லே!"

"எப்ப சொன்னனீங்கள்? பேசாமல் நில்லுங்கோ."

மறந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி நானே கழற்றிக் கொடுத்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டே அதைத் தொட்டியில் போட்டார். போகலாம் என்றார்.

எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. படகில் வந்தபோது எங்களைப் பிடித்து வில்லாவுட் தடுப்பு முகாமில் வைத்தார்கள். இன்று பூவைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்.