ஆமாம், நான் சொன்னது அதுதான்

ஹால்வர், மினசோட்டா
22 ஜனவரி 1992

அன்புள்ள மெர்வின்,

உங்கள் கடிதமும் ஆரஞ்சுப் பெட்டியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பழங்களைக் கூட்டத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். நீங்களே மரத்திலிருந்து பறித்தவை என்று சொன்னதை கஸ் நம்பவில்லை. கடையில் வாங்கி, இலையைச் செருகி அனுப்பியிருப்பீர்களாம். பால் கறக்கிறவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

நேற்று நம் உலக விவகார விவாதக் குழுவின் இந்த ஆண்டு முதல் கூட்டம். நூலகத்தின் கீழ்த்தளம், அதே நீள மேசை, அதே கசப்புக் காபி. எட்டுச் செவ்வாய்க்கிழமை, எட்டுப் பாடம். இந்த வருடப் புத்தகத்தில் முதல் பாடம் எது தெரியுமா? சோவியத் யூனியன். அச்சுக்குப் போகும்போது அந்த நாடு இருந்தது. நாங்கள் மேசையில் விரித்தபோது இல்லை. என்ன பேசுவதென்று எல்லோரும் விழித்தோம். கஸ்தான் வாயைத் திறந்தார்.

"ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்சேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள நாடே போச்சுங்கறாங்க. என் நேரத்தை யாரு திருப்பித் தருவா?"

சிரித்தோம். நம் வாழ்நாளில் பாதியை அந்த நாட்டுக்குப் பயந்தே கழித்திருக்கிறோம், மெர்வின். ஒழிந்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் ஓயாமல் சண்டை போட்ட எதிர்வீட்டுக்காரர் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போனது போல இருந்தது.

உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கிறது. நான் யாரையும் தடுக்கவில்லை, அவர்களாகவே விட்டுவிட்டார்கள். இடுப்பு வலி எப்படி? நீங்கள் விழுந்த அந்த நூலகப் படிக்கட்டில் பனி உறைந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

அன்புடன்,
ஆர்டிஸ்


மேசா, அரிசோனா
2 பிப்ரவரி 1992

அன்புள்ள ஆர்டிஸ்,

கஸ்ஸிடம் சொல்லுங்கள், அடுத்த பெட்டியில் மரத்தையே அனுப்புகிறேன்.

என் மகள் ஜோன் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் இங்கே பேச்சுத்துணை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் யூகோஸ்லாவியாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அது எந்தத் தெருவில் இருக்கும் உணவகம் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மாலையானால் என் கை தானாகவே மேல்கோட்டைத் தேடுகிறது. வெளியே பார்த்தால் கொளுத்துகிற வெயில்.

வியட்நாம் பாடத்தன்று நடந்தது நினைவிருக்கிறதா? கஸ்ஸும் போதகரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போனார்கள். தபால் நிலையச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த நீங்கள் எழுந்து நடுவில் நின்றீர்கள். "எதிர்த்துப் பேசுங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி அவர் சொன்னதை நீங்க சொல்லுங்க. ஆமா, நான் சொன்னது அதுதான்னு அவரே ஒத்துக்கட்டும். அப்புறம்தான் உங்க முறை." அன்று பிறந்தது நம் வழக்கம். தப்பாகச் சொன்னவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மறுபடியும் சொல்ல வேண்டும். பனாமா கால்வாய்க்காக கஸ் மூன்று வாரம் நின்றாரே! எங்கள் இரும்புக் கடையில் அந்த மாதம் முழுக்க அதுதான் பேச்சு.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. என் மனைவி டோரிஸ் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே சிறியதாக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிடுங்கள், ஆர்டிஸ்.

உங்கள்,
மெர்வின்


ஹால்வர்
12 பிப்ரவரி 1992

அன்புள்ள மெர்வின்,

காபிப் பாத்திரம் கடைசியில் உயிரை விட்டுவிட்டது. போதகரின் மனைவி எலுமிச்சை கேக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார். நேற்று ஏழு பேர்தான் வந்தோம். மத்தியக் கிழக்குப் பாடம். கஸ் என் வாதத்தை முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டார். வயதாகிவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் எழுதியிருந்த மற்ற விஷயத்தையும் படித்தேன். இரண்டு தடவை. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடிகிறது.

அன்புடன்,
ஆர்டிஸ்


மேசா
20 பிப்ரவரி 1992

அன்புள்ள ஆர்டிஸ்,

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் காபிப் பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

நீங்கள் பேசாததால் உங்கள் தரப்பை நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று, பிறந்த ஊரை விட்டு வர உங்களால் முடியாது. இரண்டு, நீங்கள் இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒரு மாதம்கூடத் தாங்காது. மூன்று, வெயில் உங்களுக்கு ஆகாது. நான்கு, என்னிடம் உங்களுக்கு இருப்பது சிநேகம் மட்டுமே, அதைச் சொல்லி என்னை நோகடிக்கத் தயங்குகிறீர்கள்.

இன்னொரு தடவை விழுந்தால் நடக்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் நானே அங்கே வருகிறேன் என்று துணிந்து சொல்லவில்லை.

சொன்னது சரியென்றால், ஆமாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன். ஆரஞ்சு மட்டும் வருடா வருடம் வரும்.

மெர்வின்


ஹால்வர்
26 பிப்ரவரி 1992

அன்புள்ள மெர்வின்,

இல்லை. நான் சொன்னது அது இல்லை.

முதல் மூன்றும் சரி. நான்காவது தப்பு. நான் தயங்கியது அரிசோனாவுக்கு. உங்களுக்கு இல்லை. இங்கே வரச் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை. நான் கூப்பிட்டு, நீங்கள் வந்து, அந்தப் பனியில் மறுபடியும் விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் காபிப் பாத்திரத்தைப் பற்றி எழுதினேன்.

வழக்கம் உங்களுக்கே தெரியும். தப்பாகச் சொன்னவர் நேரில் வந்து, எழுந்து நின்று மறுபடியும் சொல்ல வேண்டும். கடிதத்தில் சொன்னால் செல்லாது. கடைசிக் கூட்டம் மார்ச் பத்தாம் தேதி, மாலை ஏழு மணிக்கு.

படிக்கட்டில் மணல் போட வேண்டும் என்று கஸ்ஸிடம் சொன்னேன். இத்தனை வருடம் இல்லாமல் இப்போது யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்று காலை நூலகத்துக்குப் போனேன். படி முழுக்க மணல் கொட்டிக் கிடக்கிறது. சுவரோரம் மேலிருந்து கீழ்வரை புதிதாக ஒரு கைப்பிடியும் அடித்திருக்கிறார்.

பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வாருங்கள்.

உங்கள்,
ஆர்டிஸ்