களத்து வெயிலில் ஒரு முகம்

அடிஸ் அபாபா
திர் மாதம் 9

என் அக்கா பெலைனேஷுக்கு,

தம்பி அஸ்ராத் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மூன்று மாதம் கழித்து நேற்றுதான் என் கட்டிலில் படுத்தேன். முதுகு இன்னும் ஜீப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆடுகிறது.

அடுத்த வருடத்து அரசாங்க நாட்காட்டிக்குப் படம் எடுக்க அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பயணம் முடிந்தது. நானூற்றுப் பதினொரு வண்ணப் படங்கள். தானா ஏரியில் நாணல் படகு கட்டுகிறவர்கள், ஒட்டகத்தின் நிழலில் உட்கார்ந்து உப்புக் கட்டியை வெட்டும் ஒரு பெண், மலை உச்சியில் உறைபனி போர்த்தி ஆள் உயரத்துக்கு நிற்கும் செடிகள். அந்தச் செடிகளுக்காக விடியும்வரை காத்திருந்து, எனக்கு விரல்கள் இருப்பதே தெரியாமல் போயிற்று.

என் வழக்கம் உனக்குத் தெரியும். யாரைப் படம் எடுத்தாலும் கீழே இறங்கிப் போய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வேன், படத்தின் ஒரு படி அனுப்புவேன். இந்தத் தடவை ஒரு படகுக்காரர், "என் முகத்தை எடுத்துக்கிட்டுப் போறியே, பட்டணத்துல குளிருமாமே, அதுக்கு ஒரு கம்பளி வாங்கிப் போடு" என்றார். சிரித்துச் சிரித்து அடுத்த படம் ஆடிவிட்டது.

பெயர் கேட்காமல் எடுத்தது ஒன்றே ஒன்று. அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்துவிட்டது. நம் அத்தை ஊருக்கு மேலே ஒரு மேடு இருக்கிறதே, அங்கிருந்து பார்த்தால் கீழே தேஃப் தானியம் போரடிக்கும் களம். சாய்ந்த வெயில். மாடுகள் சுற்றி வருகின்றன, தூசி பொன்னாகப் பறக்கிறது, நடுவே ஆட்கள். நீள லென்ஸைப் போட்டு ஆறு தடவை எடுத்தேன். அதற்குள் ஜீப்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான். இறங்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. திட்டாதே, வண்டி என்னுடையதல்ல.

அந்தப் படத்தைப் புத்தாண்டு மாதப் பக்கத்துக்கே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உனக்காக ஒரு படி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் பையன் பெரிஹுன் ஜிம்மா நகரில் ஒழுங்காகப் படிக்கிறானா? நான் கடைசியாகப் பார்த்தபோது என் இடுப்பு உயரம். மாமாவுக்கு ஒரு வரி எழுதச் சொல்.

உன்
அஸ்ராத்


டெஸ்ஸியே
திர் 17

அஸ்ராத்,

இதை பஸ் ஓட்டுகிற ஷிபெஷியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். இனிமேல் நீயும் அவனிடமே கொடு. தபாலில் எதுவும் போடாதே. படித்ததும் அடுப்பில் வைத்துவிடு.

உன் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக, கையில் வைக்கோல் கிளறும் கவைக்கோலோடு தலையை நிமிர்த்திச் சிரிக்கிறானே, அவன் பெரிஹுன்.

அவன் ஜிம்மாவில் இல்லை. ஜிம்மா எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. வடக்கே போருக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் போன வருடம் அவன் பெயர் வந்தது. அடுத்த வீட்டு இரண்டு பையன்கள் போனார்கள். ஒருவனின் சட்டை மட்டும் வந்தது. அன்று இரவே இவனை அத்தையிடம் அனுப்பிவிட்டேன். அங்கே கூலியாளாக, வேறு பெயரில் இருக்கிறான்.

படத்தில் தலை சின்னது, யார் கவனிப்பார்கள் என்று நீ நினைக்கலாம். நான் முப்பத்தோரு வருடம் பூகோளம் நடத்தியவள். வரைபடத்தைச் சுவரில் மாட்டின அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுகள்தான் தெரியும். வருடக் கடைசியில், பெயர்கூடச் சரியாக எழுதாத ஓடையைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பார்கள். தினமும் எதிரே தொங்குகிற எதையும் கண் ஒரு நாள் படித்துவிடும்.

அந்த நாட்காட்டி எங்கள் குடியிருப்பு மன்ற அலுவலகத்திலும் தொங்கும். அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் செலெக்கெ. என்னிடம் நான்கு வருடம் படித்தவன், பெரிஹுனோடு பந்து உதைத்தவன். பட்டியல் இப்போது அவன் கையில்தான் இருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்தேன். நம் வழக்கப்படி மூன்று கோப்பையும் குடித்துவிட்டு, "டீச்சர், ஜிம்மாவுல அப்படி ஒரு பேரே இல்லைன்னு பதில் வந்திருக்கு. எழுதினவன் கவனமில்லாம எழுதியிருப்பான். நான் மறுபடியும் கேட்டு எழுதறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றான். அவன் என்னை மிரட்டினானா, தப்பிக்க நாள் கொடுத்தானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. உன் உறையின் பசை ஓர் ஓரத்தில் விட்டிருந்தது. ஈரமா, யாராவது பிரித்தார்களா, தெரியாது.

அந்தப் படம் சுவருக்கு வரக்கூடாது.

பெலைனேஷ்


அடிஸ் அபாபா
திர் 25

அக்கா,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிட்டது. எரித்து என்ன பயன்?

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அவன்தான். நம் அப்பாவின் தாடை. என் அக்கா பையனை நான் லென்ஸில் பார்த்துக் குவியம் சரிசெய்து, வெளிச்சம் பார்த்து, ஆறு தடவை எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தெரியவில்லை. வழக்கம்போல இறங்கிப் போய்ப் பெயர் கேட்டிருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். அங்கேயே சுருளை வெயிலில் இழுத்துப் போட்டிருப்பேன்.

மறுநாள் எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். வேறு படம் போடலாம், ஏரிப் படம் இன்னும் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"என்னய்யா, எல்லாரும் என் படத்தைப் போடுங்கன்னு வந்து நிப்பாங்க. நீ எடுத்துடுங்கன்னு நிக்கிற? அமைச்சரே பார்த்துட்டு, 'உழைக்கிற ஜனம் சிரிக்குது பாரு'ன்னு சொல்லிட்டாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் பக்கமே."

"அதுல ஒரு கீறல் இருக்குங்க."

"கீறலை அச்சகம் பார்த்துக்கும். உனக்கு என்ன பிரச்சினை? அந்த ஊர்ல ஏதாவது வம்பு பண்ணிட்டு வந்தியா?"

நானும் சிரித்துவிட்டு வந்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால், அதையே உற்றுப் பார்க்கச் சொன்னது போலாகும்.

முகத்தை மட்டும் மாற்றவும் யோசித்தேன். முன்பு கல்யாணப் படங்களில் மூடிய கண்ணைத் திறந்து வைத்தவன் நான். ஆனால் இந்தப் படச்சுருளில் அவன் தலை ஒரு தேஃப் மணி அளவு. கத்தி வைத்தால் தலையோடு பக்கத்து மாடும் போகும். ஆறு படத்திலும் அவன் இருக்கிறான். ஆறும் காணாமல் போனால் அந்த ஆறைத்தான் தேடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர், மேடு, தேதி எல்லாம் என் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

அச்சகத்துக்குப் போக இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஜிம்மா என்று எனக்கு ஏன் எழுதினாய்? செலெக்கெயிடம் சொன்ன பொய்யையே என்னிடமும் ஏன் சொன்னாய்?

அஸ்ராத்


டெஸ்ஸியே
யெகாதித் மாதம் 3

அன்பு அஸ்ராத்,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பெரிஹுன் போன பிறகு கடைசியாக நீ வந்தபோது மேசைமேல் முத்திரை வைத்த உன் அடையாள அட்டையை வைத்தாய். அதைக் காட்டினால் எந்தச் சோதனைச் சாவடியிலும் விட்டுவிடுகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் உனக்கு இன்ஜெரா அப்பம் வைத்துக்கொண்டே அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பயப்படவில்லை. அட்டைக்குப் பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்போது அது பொய்யாகத் தெரிகிறது. உனக்கும்தான் பயந்தேன். என் கையால் ஊட்டி வளர்த்த உனக்கு.

தேர்வில் ஒரு பிள்ளை விடையைக் கையால் மூடிக்கொண்டு எழுதும். பக்கத்தில் இருப்பவன் சிநேகிதனாக இருந்தாலும் மூடும். சிநேகிதனைத் திருடன் என்று நினைத்தா மூடுகிறது? இல்லை. ஆனால் அவன் மனசு வலிக்கும். இத்தனை வருடம் அந்தக் கையைத் தட்டிவிட்ட நானே மூடிக்கொண்டேன்.

ஷிபெஷி அத்தை ஊர்ச் சந்தைவரை போய் வந்தான். நீ மேட்டில் நின்ற அன்று, உன் லென்ஸ் வெயிலில் மின்னியிருக்கிறது. ஜீப்பும் தெரிந்திருக்கிறது. பெரிஹுன் துப்பாக்கி என்று நினைத்துக் கவைக்கோலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். மூன்று நாள் குகையில், மென்று தின்ன வறுத்த பார்லி ஒரு முடிச்சு மட்டும். நீ எடுத்த சிரிப்பு, அவன் ஓடுவதற்கு முந்தைய நிமிடத்துச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவன் பகலில் களத்துக்கு வருவதில்லையாம்.

செலெக்கெ நேற்று சந்தையில் என் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "உங்க தம்பி படம் புத்தாண்டு நாட்காட்டில வருதாமே டீச்சர், கேள்விப்பட்டேன். எங்க ஊருக்கே பெருமை. வந்ததும் முதல் ஆளா நான்தான் பார்ப்பேன்" என்றான். அவன் போன பிறகு கூடையை எடுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி, எப்படியாவது செய். உன்னிடம் இதைக் கேட்கும் உரிமையை ஜிம்மா என்று எழுதிய அன்றே இழந்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

பெலைனேஷ்


அடிஸ் அபாபா
யெகாதித் 12

அக்கா,

படம் சுவருக்கு வராது.

நேற்று நானூற்றுப் பதினொரு படங்களையும் கழுவும் தொட்டியில் போட்டேன். தூசி படிந்திருக்கிறது, அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு தடவை கழுவுகிறேன் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். கழுவும் தண்ணீர் கைச்சூட்டைத் தாண்டக்கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது அதுதான். நான் கொதிநீரைத் திறந்துவிட்டேன்.

படம் எப்படிப் போகும் என்று நான் பார்த்ததே இல்லை. முதலில் ஓரம் சுருங்கியது. பிறகு பாலில் ஆடை விலகுவது போல நிறம் படலமாக நழுவி மேலே வந்தது. உப்பு வெட்டிய பெண் மிதந்தாள். அவள் பெயர் ஃபாத்துமா. படகுக்காரர் கெப்ரெயெஸ் போனார். எல்லாரிடமும் படி அனுப்புகிறேன் என்று சொல்லி வந்தேன். களம் கடைசியாகத்தான் நழுவியது. அவன் முகம் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்தேன்.

தலைவர் வந்து தொட்டியைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை வருஷமாடா இந்த வேலைல இருக்கே?"

"இருபத்தாறு வருஷங்க."

"நேத்து சேர்ந்தவன் பண்ணினா தப்புன்னு எழுதுவேன். நீ பண்ணினதை என்னன்னு எழுதறது? அந்தக் களத்துப் படத்துல யாருடா இருந்தான்?"

கொதிகலன் பழுது என்றேன். அதையே மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பதிவேட்டை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். களம் எந்த ஊர் என்பது அதில் இருக்கிறது. பெரிஹுனை உடனே நகர்த்து. இன்று, இந்த நிமிடம்.

திங்கட்கிழமை என்னை மேல்மாடியில் விசாரிக்கிறார்கள். கொதிகலன் என்றுதான் சொல்வேன். நீ எழுதாதே. என்னைப் பற்றி யாரிடமும் கேட்காதே. நீ கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

உன்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. கையால் மூடிக்கொள்வது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

அஸ்ராத்


டெஸ்ஸியே
மெகாபித் மாதம் 19

என் அஸ்ராத்,

எழுதாதே என்றாய். முப்பத்தைந்து நாள் எழுதவில்லை.

ஷிபெஷி நான்கு தடவை உன் வீட்டுக்குப் போயிருக்கிறான். பூட்டியிருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரி முதல் தடவை, "வெளியூர் போயிருக்காரு" என்றாளாம். நான்காவது தடவை, "நீ ஏம்ப்பா திரும்பத் திரும்ப வர்றே? நான் எதையும் பார்க்கலை, எனக்குப் பிள்ளைங்க இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

இந்த நாட்களில் நான் பிழைத்தது எப்படி என்று சொல்கிறேன். காலையில் எழுந்ததும் பெரிஹுன் உயிரோடு இருக்கிறான் என்று நினைப்பேன். உடனே நீ நினைவுக்கு வருவாய். உன்னைத் தேடிப் போனால் எதற்கு வந்தாய் என்பார்கள். அங்கிருந்து களம், களத்திலிருந்து அத்தை, அத்தையிடமிருந்து அவன். உன்னைக் கேட்டால் அவனைக் கொடுத்துவிடுவேன். கேட்காமல் இருந்தால் உன்னைக் கொடுத்துவிட்டேன். இந்தக் கணக்குக்கு எந்தப் பிள்ளையும் விடை எழுதியதில்லை. நான் எழுதவேண்டியிருந்தது.

போன வாரம் அத்தை ஊருக்கு நானே போனேன். உன் கடிதம் வந்த அன்றே ஷிபெஷியிடம் சொல்லியனுப்பினேன், மறுநாளே பெரிஹுன் அங்கிருந்து போய்விட்டான், பகலில் ஒளிந்து இரவில் நடக்கும் இரண்டு பேரோடு. எல்லைப் பக்கம் என்கிறாள் அத்தை. எந்த எல்லை, எந்த வழி, எந்தப் பெயரில் என்று சொல்ல வந்தாள். வாயைப் பொத்திவிட்டேன். என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என்னை என்ன செய்தாலும் தெரியாது. நான் திரும்பிய பிறகு மூன்று பேர் பதிவேட்டுப் பக்கத்தோடு அந்த ஊருக்கு வந்தார்களாம். களத்தில் வைக்கோல்தான் இருந்தது. அத்தை காது கேட்காதவள் போல இருந்துவிட்டாள்.

நேற்று செலெக்கெயின் அலுவலகத்துக்கு நானே போனேன். பயண அனுமதிச் சீட்டு வேண்டும், தலைநகர் போகிறேன் என்றேன். அவன் பேனாவை மூடி வைத்தான்.

"எதுக்கு டீச்சர்?"

"என் தம்பி காணோம். தேடப் போறேன்."

"அங்க போயி இப்படியே கேட்டீங்கன்னா உங்களையும் உட்கார வெச்சுடுவாங்க."

"உட்கார்றேன். முப்பத்தோரு வருஷம் நின்னுக்கிட்டே இருந்தவதானே."

பேனாவை மறுபடி திறந்தான். பிறகு காரணம் எழுதும் இடத்தில் 'மருத்துவம்' என்று எழுதி முத்திரை குத்தினான். ஏன் செய்தான் என்று கேட்கவில்லை. வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினான்.

வியாழக்கிழமை ஷிபெஷியின் பஸ்ஸில் வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அவர்கள் என்னிடமிருந்து எடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் உன் அக்கா என்று சொல்லிக்கொண்டு அந்த மேல்மாடிக்கு ஏற முடிகிறது.

நாளை ஷிபெஷி இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவான். நான் வருவதற்குள் நீ வந்திருந்தால் அடுப்பை மூட்டி வை, குளிரில் வருவேன். வராமலிருந்தால் பூட்டை உடைத்து நானே உள்ளே போவேன். இதை நானே எடுத்து எரித்துவிட்டு, விடிந்ததும் உன்னைக் கேட்டுப் புறப்படுவேன்.

உன் அக்கா
பெலைனேஷ்