பஸ் மாறி ஏறிய நாத்தனார் பாட்டு

எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு முந்திக்கொண்டு போன தனபாக்கியம் அண்ணிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் சின்னவன் கல்யாணத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினேனே, போர்டைத் தப்பாக மாட்டியிருந்தான் என்று கண்டக்டர் தலையில் பழி போட்டேனே, அது பொய். ஒருத்தியோடு வாயடித்துக்கொண்டே ஏறிவிட்டேன். உத்திரமேரூர் பஸ் இல்லை என்பது பாலாற்றங்கரைப் பழையசீவரம் வந்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் மறைத்ததைப் போன மாதம் ஒரு வக்கீலிடம் ஒப்புக்கொண்டேன். எல்லாம் உன் பாட்டால் வந்த வினை.

அன்று சாயங்காலம் நலங்கு வைக்கும்போது, கையில் மஞ்சளோடு நின்ற இடத்திலேயே கட்டினாயே:

மாலை எங்கே நாத்தனாரே, மாப்பிள்ளை காத்திருக்க
பாலாறு பார்க்கப் போனாயோ, பஸ் மாறி ஏறினாயோ

கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை. அப்புறம் அந்தப் பாட்டு இல்லாமல் நம் தெருவில் நலங்கே நடக்கவில்லை.

டேப் ரெக்கார்டரோடு ஒருவர் வந்து பெண்கள் பாட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார், ஞாபகம் இருக்கிறதா? இது யார் கட்டியது என்று கேட்டார். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எங்க ஊரு பாட்டு சார்" என்றாய். அண்ணி, அது கூச்சமா? இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாயா? பக்கத்தில்தான் நின்றேன். கேட்காமல் விட்டுவிட்டேன்.

நீ போன பிறகு அது கேசட்டாக வந்துவிட்டது. பட்டணத்துப் பாடகி ஒருத்தி தபலாவெல்லாம் வைத்துப் பாடுகிறாள். அட்டையில் பழைய நாட்டுப்பாடல் என்று போட்டிருக்கிறது. டீக்கடையில் முதலில் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் தை மாதம் புள்ளலூர் கல்யாணத்தோடு போயிற்று. உன் மகள் செல்வி உட்கார்ந்து இதைப் பாடினாள். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "கேசட்டு பாட்ட அப்டியே காப்பி அடிச்சிக்கினு கீது பாரு" என்றாள். செல்வி பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் எழுந்து, இது இவள் அம்மா கட்டியது, இதில் வருகிற நாத்தனாரே நான்தான் என்றேன். பந்தலே சிரித்தது. "இந்தம்மா எப்பவும் இப்டித்தான், தமாசு" என்று நம் ஆளே ஒருவர் சொன்னார். ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணியவளை, உண்மை பேசுகிற அன்று யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து செல்வி நாற்று நடவில்கூட வாய் திறந்து பாடுவதில்லை. அது என்னைத் தின்கிறது.

அதனால்தான் காஞ்சிபுரத்து வக்கீலிடம் போனேன். பாட்டுக் கட்டியவர் உயிரோடு இருக்கிற வரைக்கும், செத்த பிறகு ஐம்பது வருஷம் வரைக்கும், அது அவருக்கும் வாரிசுக்கும்தான் சொந்தமாம். அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் பொது. விற்கிற கேசட்டில் ராயல்டி என்று ஒரு பங்குகூட உண்டாம். எனக்கு அது ஏதோ லாரி கம்பெனி பேர் மாதிரி கேட்டது. உயிரோடு இருந்தபோது உனக்கென்று பூட்டி வைக்க ஒரு டிரங்குப் பெட்டி கிடையாது. இப்போது ஐம்பது வருஷத்துக்கு ஒரு பாட்டு உன்னுடையது என்கிறார்கள்.

பழைய பாட்டு இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

"பழைய பாட்டுல பஸ்ஸு எப்டி சார் வரும்?"

சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்த பஸ்ல ஏறினது யாரும்மா?"

வேறு வழியில்லை. ஒப்புக்கொண்டேன். பாட்டு நீ கட்டியது, அதற்கு நானே சாட்சி என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, கேசட் கம்பெனிக்கு அனுப்பினார்.

ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. இனி நம் தெருப் பெண்கள் பாடுவதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டுமா என்றேன். வீட்டு நலங்கில் பாடுகிறவர்களை யார் தடுக்கப் போகிறார்கள், விற்றுச் சம்பாதிக்கிறவன்தான் கேட்க வேண்டும் என்றார். சரிதான். ஊர்ப் பாட்டு என்று நீ உன் வாயால் சொன்னாயே, அதை நான் பொய்யாக்குகிறேனா? செல்வியிடமும் கேட்டேன்.

"பங்குலாம் ஒண்ணும் வாணாம் அத்த. எங்கம்மா பேரு இருந்தா போதும். நான் திருடலன்னு தெரியணும்."

நேற்று கம்பெனியிலிருந்து புது கேசட் வந்தது. அட்டையில் பாட்டுக் கட்டியவர் பேரைத் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். செல்வி வாசித்துவிட்டு, குப்புறக் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துப் படித்தேன். பச்சையம்மாள் என்று என் பேர் இருந்தது. கடுதாசியில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.

நாளைக்கு மறுபடியும் காஞ்சிபுரம் போகிறேன். உன் பேர் அந்த அட்டையில் ஏறுகிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன், அண்ணி. இது சத்தியம்.

இப்படிக்கு,
அந்தப் பாட்டைக் கட்டாத உன் நாத்தனார்,
பச்சையம்மாள்